அத்தியாயம் 6: நாடாவில் தரவு பிழையின்றிப் பதிய எந்தப் பண்பேற்றம்?

பெல்ட் தளர்ந்த டேப் ரெக்கார்டரில் பாட்டுக் கேட்டவர்களுக்கு இந்த அத்தியாயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். வயலின் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் இடத்தில் அது இழுக்கும், நெளியும். ஹெட்டில் அழுக்கு சேர்ந்தால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல அமுங்கும். நாடா கசங்கிய இடத்தில் ஒரு சொல்லே காணாமல் போகும். பாட்டைத் தெரிந்த காது விட்டுப்போனதைத் தானே நிரப்பிக்கொள்ளும். அதே நாடாவில் எண்களைப் பதிந்தால் நிரப்பித்தர யாரும் இல்லை. ஒரே ஒரு பிட் புரண்டால் போதும், 320 என்று எழுதியது 256 என்று திரும்பி வரும்.

மெமரி கார்டு கைக்குள் அடங்கும் காலத்தில் இந்தப் பாடு எதற்கு? இரண்டு காரணங்கள் உண்டு. 1984-ல் தொடங்கிய கிளாஸ் எனும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் ஸ்பெக்ட்ரம் கணினி 'டிபி ஸ்பெக்ட்ரம்' என்ற பெயரில் இங்கே விற்பனையானது. அன்று மாணவர்கள் எழுதிய நிரல்கள் கேசட்டில்தான் இருக்கின்றன. அவற்றை மீட்க வேண்டுமென்றால் எப்படி எழுதப்பட்டன என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது காரணம் படிப்பு. குரோம்பேட்டையிலோ தாம்பரத்திலோ மின்னணுவியல் படிக்கும் மாணவர், பண்பேற்றத்தை, அதாவது ஓர் அலையில் செய்தியை ஏற்றுவதை, காதால் கேட்டு, கண்ணால் அலையைப் பார்த்து, கையால் கெடுத்துத் திருத்திக் கற்க, பழைய டேப் ரெக்கார்டரைப் போலச் சோதனைச்சாலை வேறில்லை.

நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் சென்னையின் கீழ்க்கட்டளையில் ஒரு வீட்டுக் கிணறு. இங்கே ஏரி நிரம்பினால் நீர் நாராயணபுரம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கிணற்று நீர்மட்டம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைப் பதிவது முதல் வேலை. அந்தக் கிணற்று மோட்டாரின் அதிர்வைப் பதிவது இரண்டாவது வேலை. முதலாவது மணிக்கணக்கில் மாறுவது. இரண்டாவது நொடிக்குப் பல முறை மாறுவது. இரண்டுக்கும் ஒரே முறை பொருந்தாது.

நாடா எங்கெல்லாம் தவறும்

பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய கேசட்டில் நாடாவின் அகலம் 3.81 மி.மீ. அது ஹெட்டைக் கடக்கும் வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. பின்வரும் கணக்குகள் எல்லாம் இந்த வேகத்திலிருந்து பிறப்பவை.

முதல் தவறு வீச்சில். நாடா ஹெட்டோடு எவ்வளவு ஒட்டி ஓடுகிறது, காந்தப் பூச்சு எவ்வளவு சீராக இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒலியின் அளவு கணத்துக்குக் கணம் மாறும். மலிவான ரெக்கார்டர்களில் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடும் இருக்கும். சிறியதைப் பெரிதாக்கி, பெரியதைச் சிறிதாக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். பேச்சுக்கு இது நல்லது. அளவீட்டுக்கு இதுவே எதிரி. என் முதல் முயற்சி வீணானது இதனால்தான். சிக்னல் தொடங்கியதும் கட்டுப்பாடு நிலைபெற நேரம் எடுத்துக்கொண்டது, தரவின் தலைப்பகுதி சிதைந்தது.

இரண்டாவது தவறு வேகத்தில். நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டும் பிஞ்ச் ரோலரும் சற்றே நெளிந்திருந்தாலும் வேகம் ஏறி இறங்கும். ஒரு கருவியில் பதிந்ததை இன்னொன்றில் ஓட்டினால் ஒட்டுமொத்த வேகமே சில சதவீதம் வேறுபடலாம்.

மூன்றாவது, விட்டுப்போகும் துளிகள். 1 மி.மீ. நீளத்துக்குப் பூச்சு உதிர்ந்திருந்தால் அந்த இடம் ஹெட்டைக் கடக்க 21 மில்லி நொடி ஆகும். அவ்வளவு நேரமும் சிக்னல் இல்லை.

நான்காவது, ஹெட்டின் இயல்பு. காந்தப்புலம் மாறினால்தான் ஹெட்டில் மின்னழுத்தம் பிறக்கும். மாறாமல் நிற்கும் அளவை அது காட்டவே காட்டாது.

ஐந்தாவது, ஹெட்டின் சாய்வு. 2400 ஹெர்ட்ஸ் அலை நாடாவில் பிடிக்கும் நீளம் 20 மைக்ரான். மோனோ தடத்தின் அகலம் சுமார் 1.5 மி.மீ. ஹெட் ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் தடத்தின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் 26 மைக்ரான் விலகல் வந்துவிடும். 2400 ஹெர்ட்ஸ் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். 1200 ஹெர்ட்ஸ் பாதிக்கும் கீழே குறைந்தாலும் உயிரோடு இருக்கும். கேட்பவருக்கு டிரெபிள் மட்டும் போனது போலத் தோன்றும். கணினிக்குப் பாதி பிட்கள் மறைந்திருக்கும்.

இந்த ஐந்தையும் மனதில் வைத்துக்கொண்டு முறைகளைப் பார்ப்போம்.

முறை 1: நேரடிப் பதிவு

அளவிடும் மின்னழுத்தத்தை அப்படியே நாடாவுக்கு அனுப்புவது. பாட்டுப் பதிவதும் இதுதான். மோட்டாரின் அதிர்வு எந்த அதிர்வெண்ணில் இருக்கிறது என்று மட்டும் அறிய இது போதும். எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று கேட்டால் நம்பக்கூடாது. முதல் தவறு அப்படியே விடைக்குள் புகுந்துவிடும். கிணற்று நீர்மட்டத்துக்கு இது அறவே உதவாது. மணிக்கணக்கில் அசையாத அளவு நாடாவில் வெற்றிடமாகத்தான் பதியும்.

நிலையான அலை ஒன்றின் உயரத்தை நீர்மட்டத்துக்கேற்ப மாற்றினால் என்ன? அதுதான் வீச்சுப் பண்பேற்றம். நான்காவது தவறிலிருந்து தப்பலாம். முதல் தவறில் அப்படியே மாட்டுவோம். தூசு ஒன்று ஹெட்டில் ஒட்டினால் கிணற்றில் நீர் இறங்கியதாக நாடா சொல்லும்.

முறை 2: அதிர்வெண் பண்பேற்றம்

இங்கே செய்தி அலையின் உயரத்தில் இல்லை, அது எத்தனை முறை அதிர்கிறது என்பதில் இருக்கிறது. செய்தியைச் சுமக்க 3000 ஹெர்ட்ஸ் ஊர்தி அலையை எடுத்துக்கொண்டு, நீர் ஏறினால் அதிர்வெண்ணைக் கூட்டி, இறங்கினால் குறைக்கிறோம். பதிந்தபின் உயரத்தை வெட்டிச் சமப்படுத்திவிடலாம், செய்தி கெடாது. மாறாத அளவும் மாறாத அதிர்வெண்ணாகப் பதியும். பேரளவு அளவீட்டு நாடாக் கருவிகளில் ஊர்தியின் 40 சதவீதம் வரை மேலும் கீழும் நகர்த்துவது வழக்கமாக இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம் ரெக்கார்டரின் வேகம் 0.2 சதவீதம் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 3000 ஹெர்ட்ஸில் அது 6 ஹெர்ட்ஸ். கிணற்றின் 6 மீட்டர் ஏற்ற இறக்கத்துக்கு 1800 முதல் 4200 வரை, அதாவது 2400 ஹெர்ட்ஸ் ஒதுக்கினால், அந்த 6 ஹெர்ட்ஸ் ஆட்டம் ஒன்றரை செ.மீ. பிழையாகத் தெரியும். கஞ்சத்தனமாக 7.5 சதவீதம் மட்டும் நகர்த்தினால் 6 மீட்டருக்குக் கிடைப்பது 450 ஹெர்ட்ஸ். அதே ஆட்டம் 8 செ.மீ. பிழையாகிவிடும். ரெக்கார்டர் அதேதான், நாடாவும் அதேதான். துல்லியம் ஐந்து மடங்குக்கு மேல் கூடியது நகர்த்தும் அகலத்தால்.

ஸ்டீரியோ ரெக்கார்டர் இருந்தால் இன்னும் ஒரு படி ஏறலாம். ஒரு தடத்தில் தரவு, மறுதடத்தில் மாறாத 3150 ஹெர்ட்ஸ் சுரம். வேகம் ஆடும்போது இரண்டும் சேர்ந்தே ஆடும். சுரம் எவ்வளவு ஆடியதோ அதைத் தரவிலிருந்து கழித்துவிட்டால் பிழையின் பெரும்பகுதி போய்விடும். மோட்டார் அதிர்வுக்கு நான் பரிந்துரைப்பது இந்த முறையைத்தான். ஊர்தி அதிர்வெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு வரை, அதாவது சுமார் 600 ஹெர்ட்ஸ் வரை உள்ள அதிர்வுகளை இதில் பிடிக்கலாம்.

முறை 3: இரு சுரக் குறியீடு

இனி எண்முறை. அளவை முதலில் எண்ணாக்கிவிட்டு, பூச்சியத்துக்கு ஒரு சுரம், ஒன்றுக்கு இன்னொரு சுரம். பொறியாளர்கள் எஃப்எஸ்கே என்பார்கள். 1975 நவம்பரில் பைட் இதழ் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் கூட்டிய கூட்டத்தில் வீட்டுக் கணினிகளுக்காக ஒரு பொதுமுறை உருவானது. பூச்சியத்துக்கு 1200 ஹெர்ட்ஸில் 4 சுற்று. ஒன்றுக்கு 2400 ஹெர்ட்ஸில் 8 சுற்று. இரண்டுமே 3.33 மில்லி நொடி. நொடிக்கு 300 பிட்.

மெதுவானது என்பது உண்மை. ஒரு பைட்டுக்குத் தொடக்க பிட், முடிவு பிட்கள் சேர்த்து 11 பிட் ஆகும். நொடிக்கு 27 பைட்தான் தேறும். அந்த மெதுவுக்குள்தான் பாதுகாப்பு இருக்கிறது. ஒவ்வொரு பிட்டுக்கும் குறைந்தது 4 சுற்று சாட்சி சொல்கிறது. ஒரு சுற்று சிதைந்தாலும் மற்றவை காப்பாற்றும். இரண்டு சுரங்களுக்கும் இடையே ஒரு முழு ஸ்தாயி இடைவெளி இருப்பதால், வேகம் 10 சதவீதம் தவறினாலும் எந்தச் சுரம் என்பதில் குழப்பம் வராது. ஆனால் பிட்டின் எல்லையை எதைக்கொண்டு அளக்கிறீர்கள் என்பது முக்கியம். கணினியின் கடிகாரத்தை வைத்து அளந்தால் 5 சதவீத வேகப்பிழையிலேயே பைட்டின் கடைசி பிட்கள் இடம் மாறத் தொடங்கிவிடும். நாடாவில் வரும் சுற்றுகளையே எண்ணி அளந்தால் நாடாவோடு கடிகாரமும் சேர்ந்து ஓடும். எனவே சுற்றுகளை எண்ணும் நிரலையே பயன்படுத்துங்கள்.

பிபிசி மைக்ரோ இதே சுரங்களை வைத்துக்கொண்டு வேகத்தை நான்கு மடங்காக்கியது. பூச்சியத்துக்கு 1200 ஹெர்ட்ஸில் ஒரே சுற்று, ஒன்றுக்கு 2400-ல் இரண்டு. நொடிக்கு 1200 பிட். சாட்சி குறைந்ததால் வரும் ஆபத்தை அது வேறு வழியில் ஈடுகட்டியது. தரவை 256 பைட் கொண்ட தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 16 பிட் சரிபார்ப்பு எண் வைத்தது. ஒரு தொகுதி கெட்டால் நாடாவைச் சற்றுப் பின்னே ஓட்டி அதை மட்டும் மீண்டும் படிக்கலாம்.

முறை 4: துடிப்பு நீளக் குறியீடு

ஸ்பெக்ட்ரம் சென்ற வழி இது. பூச்சியத்துக்கு 244 மைக்ரோ நொடித் துடிப்புகள் இரண்டு. ஒன்றுக்கு 489 மைக்ரோ நொடித் துடிப்புகள் இரண்டு. ஒன்று எழுத, பூச்சியத்தைப் போல இருமடங்கு நேரம். சராசரியாக நொடிக்குச் சுமார் 1365 பிட்; 48 கிலோபைட் நிரலை ஏற்ற ஏறக்குறைய ஐந்து நிமிடம். தொடக்கத்தில் நீளமான ஒரே சுரம் கேட்கும். படிப்பவர் வேகத்துக்குப் பழகிக்கொள்ள அது.

மின்சுற்று எளிது, சிக்னலின் மேல்கீழ் புரண்டாலும் கவலையில்லை. பலவீனம் இரண்டு. ஒரு துடிப்பு விட்டுப்போனால் அடுத்து வரும் எல்லாம் ஒரு படி நகர்ந்துவிடும். மீண்டும் ஒத்திசையத் தொடக்க பிட் எதுவும் கிடையாது. சரிபார்ப்பும் முழுத் தொகுதிக்கும் சேர்த்து ஒரே ஒரு பைட். தாறுமாறாகக் கெட்ட தொகுதி 256-ல் ஒரு முறை நல்லதுபோல் நடித்துத் தப்பிவிடும். 16 பிட் சரிபார்ப்பில் அது 65,536-ல் ஒன்று.

முறை 5: இருகட்டக் குறியீடு

ஒவ்வொரு பிட்டின் எல்லையிலும் சிக்னல் கட்டாயம் புரளும். பிட் ஒன்றாக இருந்தால் நடுவிலும் ஒரு முறை புரளும். பூச்சியமாக இருந்தால் புரளாது. அவ்வளவுதான் விதி. இதனால் பிட்டுக்குப் பிட் கடிகாரம் நாடாவிலேயே கிடைக்கிறது. வேகம் ஆடினால் படிப்பவரும் கூடவே ஆடிக்கொள்வார். பூச்சியமும் ஒன்றும் ஒரே நேரம் எடுக்கின்றன. புரள்வது மட்டுமே கணக்கு என்பதால் சிக்னல் தலைகீழானாலும் பொருள் மாறாது.

இந்தக் குறியீட்டை நம்பியவர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. சினிமா ஒலிப்பதிவில் படத்தையும் ஒலியையும் இணைக்கும் நேரக்குறியீடு இதே முறையில்தான் நாடாவில் ஏறியது. நொடிக்கு 25 சட்டகம், சட்டகத்துக்கு 80 பிட், ஆக நொடிக்கு 2000 பிட். நமக்குப் பக்கத்தில் மீனம்பாக்கத்தில் இறங்கி ஏறிய பழைய தலைமுறை விமானங்களின் கறுப்புப் பெட்டிகளிலும் நொடிக்கு 12 பிட் கொண்ட 64 சொற்கள் இருகட்டக் குறியீட்டில் நாடாவில் பதிந்தன. பெரிய கணினிகளின் கதையும் இதையே சொல்கிறது. ஐஐடி மெட்ராஸில் 1973-ல் நிறுவப்பட்ட ஐபிஎம் 370 காலத்து ஒன்பது தட நாடாக்களில், அங்குலத்துக்கு 800 என்ற அடர்த்தி 1600 ஆக ஏறியபோது, ஒவ்வொரு பிட்டிலும் புரளும் கட்டக் குறியீட்டுக்குத்தான் உலகம் மாறியது.

ஒரே குறைக்கு ஐந்து முறைகளின் பதில்

1 மி.மீ. பூச்சு உதிர்ந்த அந்த இடத்தை எண்முறைகளுக்கு முன்னால் வைத்துப் பார்ப்போம். 21 மில்லி நொடியில் 300 பிட் வேகத்தில் போவது 6 பிட். ஒன்று அல்லது இரண்டு பைட். 1200 வேகத்தில் 25 பிட். மூன்று நான்கு பைட். ஸ்பெக்ட்ரம் முறையில் சுமார் 29 பிட்டோடு, அதற்குப் பின்னுள்ள வரிசையும் குலையும். 2000 பிட் இருகட்டத்தில் 42 பிட் போகும். ஆனால் இடையிடையே எழுதப்படும் ஒத்திசைவுச் சொல் அடுத்து வந்ததும் படிப்பவர் மீண்டும் தடம் பிடித்துவிடுவார். எண்ணாக்காத அளவீட்டில் அதே இடம் நேரடிப் பதிவில் பொய்யான பள்ளமாகவும், அதிர்வெண் பண்பேற்றத்தில் கண்ணுக்குத் தெரியும் இரைச்சல் கோடாகவும் வரும். தெரியும் பிழையை நீக்கிவிடலாம். உண்மை போல் வேடமிடும் பிழைதான் ஆபத்து. முறையைத் தேர்ந்தெடுக்கும்போது இதையே முதல் கேள்வியாக வையுங்கள்: இந்த முறை கெட்டால், கெட்டது எனக்குத் தெரியுமா?

எதற்கு எது

மோட்டார் அதிர்வுக்கு: அகல நகர்வு அதிர்வெண் பண்பேற்றம், மறுதடத்தில் 3150 ஹெர்ட்ஸ் சுரம்.

கிணற்று நீர்மட்டத்துக்கு: 300 பிட் இரு சுரக் குறியீடு. பத்து நிமிடத்துக்கு ஒரு அளவு, நாளுக்கு 144 அளவு, ஒவ்வொன்றும் இரண்டு பைட். தேதியும் சரிபார்ப்பு எண்ணும் சேர்த்து 300 பைட். எழுத 11 நொடி. முன்னால் 4 நொடி ஒரே சுரம். இரண்டு பிரதி எழுதினால் நாளுக்கு 30 நொடி. சி-60 கேசட்டின் ஒரு பக்கத்தில் 60 நாள் அடங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாள் வடகிழக்குப் பருவமழை முழுவதும் ஒரே கேசட்டில் இரட்டைப் பிரதியாக நிற்கும்.

நிறைய தரவை ஒரே மூச்சில் எழுத: இருகட்டக் குறியீடு.

செய்முறை

1. ஹெட், கேப்ஸ்டன் தண்டு இரண்டையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். தளர்ந்த பெல்ட்டுக்கு மாற்றும் அங்கேயே பாருங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

2. சாதாரண ஃபெர்ரிக் நாடாவில் சி-60 எடுங்கள். சி-120 மெல்லியது, நீளும், சிக்கும். பதியும் முன் ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். தொடக்கத்தில் உள்ள பூச்சற்ற முன்னாடாவைத் தாண்டி எழுதுங்கள்.

3. டால்பி போன்ற இரைச்சல் குறைப்பை அணையுங்கள். ஒலிக்கட்டுப்பாடு தானியங்கியாக மட்டும் இருந்தால் 4 நொடி முன்சுரத்தை 8 நொடியாக்குங்கள். நாளுக்கு 38 நொடி ஆகும். பருவமழை அப்போதும் ஒரே கேசட்டில் அடங்கும்.

4. 3150 ஹெர்ட்ஸ் சுரம் ஒரு நிமிடம் பதிந்து, இன்னொரு ரெக்கார்டரில் ஓட்டி, கணினியில் அளந்து பாருங்கள். 3087 வந்தால் இரண்டுக்கும் 2 சதவீத வேக வேறுபாடு.

5. தரவை எழுதி, உடனே திரும்பப் படித்து, மூலத்தோடு ஒப்பிடுங்கள். கடைசி நாள் பதிவும் பொருந்தியபின் கேசட்டின் பின்விளிம்பிலுள்ள தாவலை உடைத்துவிடுங்கள்.

6. சிலிகா ஜெல் பையோடு மூடிய டப்பாவில், நிமிர்த்தி வையுங்கள். மழைக்காலத்தில் இந்தப் பக்கத்து வீடுகளின் ஈரப்பதத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். இன்வெர்ட்டர், ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம்.

பழைய கேசட்டைப் படிக்கும்போது

முதலில் நாடாவை ஒரே முறை கவனமாக ஓட்டி, 44,100 மாதிரி வேகத்தில் சுருக்காத கோப்பாகக் கணினியில் ஏற்றிவிடுங்கள். ஸ்பெக்ட்ரமின் குறுந்துடிப்புக்கும் அதில் பத்து மாதிரிகள் கிடைக்கும். எம்பி3 வேண்டாம், காதுக்குத் தேவையில்லை என்று அது கழிப்பதில் நம் துடிப்பின் விளிம்பும் போய்விடும். ஓட்டும் முன் ஹெட்டின் சாய்வுத் திருகை மெல்லத் திருப்பி, இரைச்சலின் கூர்மை எங்கே உச்சம் தொடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். பெரும்பாலான 'கெட்டுப்போன' கேசட்டுகள் இந்தக் கால் சுற்றில் உயிர் பெறும். அதன்பின் கோப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் அலசலாம், நாடா தேயாது.

டிசம்பர் முடிந்ததும் உங்கள் கிணற்றுக் கேசட்டையும் இதேபோல் எடுத்து, இரண்டு பிரதிகளையும் படித்து, சரிபார்ப்பு எண் பொருந்தும் நாட்களை மட்டும் வரைபடத்தில் ஏற்றுங்கள். பொருந்தாத நாளை ஊகித்து நிரப்பாமல் வெற்றிடமாக விடுங்கள். அடுத்த அத்தியாயத்தில் அந்த வரைபடத்தை ஏரியின் நிலையோடு ஒப்பிடுவோம்.